முதல் வரியை மட்டும் பிரமாதமாக வாசித்தவன்

"அப்பா, இந்தப் பாட்டில் இதற்குப் பிறகு என்ன வரும்?"

அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள், பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டாள். அதில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். இரண்டு மாதமாக அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது அந்தப் பாட்டின் முதல் பாதி மட்டும்தான். பியானோ முன் உட்காருவேன், முதலிலிருந்து தொடங்குவேன், பாதி வழியில் தடுக்கி விழுவேன், பெருமூச்சு விடுவேன், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். அந்தப் பெருமூச்சும் பாட்டைச் சேர்ந்ததுதான் என்றுகூட அவள் நினைத்திருக்கலாம்.

பியானோ கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது எனக்கு 41 வயது. இப்போது மூன்று வருடம் ஆகிறது. நன்றாக வாசிப்பவன் என்று யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள். ஆனால், நன்றாக வாசிப்பவர்களுக்குத் தாங்கள் ஆரம்பத்தில் தடுமாறிய இடங்கள் மறந்துபோயிருக்கும். எனக்கு எல்லாமே பசுமையாக நினைவிருக்கிறது. தொடங்கலாமா என்று யோசிக்கும் யாருக்காவது பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த பழைய 61 கட்டை கீபோர்டில் நானாகவே பழகினேன். அதில் கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது. பீத்தோவனின் 9-ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் புகழ்பெற்ற மெட்டின் முதல் வரியை ஐந்து விரலுக்குள் வாசித்துவிடலாம்; அடுத்தடுத்த கட்டைகள்தான், தாண்டல் எதுவும் கிடையாது. அதை வாசிக்கத் தெரிந்ததும் நானும் ஒரு வாத்தியக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் ஓர் ஆசிரியையைத் தேடிப்போனேன். அவர் வீட்டில் சுவரோரமாக நிற்கும் அப்ரைட் பியானோ இருந்தது. வாசித்துக் காட்டினேன். முதல் இரண்டு சுரம் ஒலித்தது, மூன்றாவது வரவே இல்லை. என் மோதிர விரல் கட்டையைத் தொட்டது, கட்டையும் கீழே இறங்கியது. ஒலியைத்தான் காணவில்லை. பியானோ பழுது என்று முடிவுகட்டினேன். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் தன் மோதிர விரலால் அதே கட்டையை அழுத்தினார். அறை நிறைந்தது.

பியானோவில் நம் விரல் தந்தியைத் தொடுவதில்லை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கட்டை என்பது ஒரு நெம்புகோல். அதன் மறுமுனையில் இருக்கும் பொறி, கம்பளி ஒட்டிய ஒரு சின்னச் சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகிறது. கடைசித் துளி தூரத்தைச் சுத்தியல் தானாகவே பறந்து கடக்கிறது, அடித்ததும் பின்வாங்கிவிடுகிறது. ஆகவே நம் வசம் இருப்பது ஒன்றுதான்: கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது. மிக மெதுவாக இறக்கினால் சுத்தியல் தந்தியை எட்டாமலே திரும்பிவிடும். என் மோதிர விரலுக்கு நேர்ந்தது அதுதான். இந்தப் பொறியை 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உருவாக்கியவர் பார்த்தலோமியோ கிரிஸ்தோஃபோரி. மெல்லவும் உரக்கவும் வாசிக்கக்கூடியது என்பதற்கான இத்தாலியச் சொற்கள்தான் பியானோ, ஃபோர்ட்டே. காலப்போக்கில் உரக்க என்பது உதிர்ந்து, மெல்ல என்பது மட்டும் பெயராக நின்றுவிட்டது. என் வாசிப்பைக் கேட்டவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள்.

எனவே கருவி வாங்கப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம்: கட்டைகளின் எண்ணிக்கையை விட அவற்றின் எடையைப் பாருங்கள். முழு பியானோவில் 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு. முதல் வருடப் பாடங்களுக்கு அதில் பாதி போதும். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையாத கருவியில் பழகினால் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொண்டதாக நம்மை ஏமாற்றும். நிஜ பியானோவின் கனத்தைப் போலவே கட்டைகள் அமைந்த டிஜிட்டல் பியானோ கிடைக்கிறது. நான் கடைசியில் அதைத்தான் வாங்கினேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம் என்பது அண்டை வீட்டாருக்கு மட்டும் நிம்மதி தரும் விஷயமில்லை. யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தால்தான் ஆரம்பத்தில் கை பயமில்லாமல் அசைகிறது. நிஜ பியானோ வாங்குவதானால் அதைச் சுருதி சேர்ப்பவர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வாங்குங்கள். உள்ளே 200-க்கும் மேற்பட்ட தந்திகள் இருக்கின்றன. வெளியே பளபளக்கும் மரத்தை வைத்து அவற்றின் நிலைமையை யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது ஸ்டிக்கர். கட்டைகள் எல்லாவற்றிலும் சி, டி, இ என்று அதனதன் சுரத்தின் எழுத்தை ஒட்டிவைத்திருந்தேன். டீச்சர் முதல் வகுப்பிலேயே அதைப் பற்றிக் கேட்டார். மறைக்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் உரித்துவிடுங்கள். நீங்கள் கட்டையைப் படிக்கவில்லை, ஸ்டிக்கரைப் படிக்கிறீர்கள்" என்றார். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. ஆறு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்! இரட்டைக் கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் வெள்ளைக் கட்டை சி. மூன்று கறுப்புக்கு இடப்பக்கம் எஃப். இரட்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டது டி. இந்த மூன்றும் தெரிந்தால் மற்றவை தாமாக வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கறுப்புக் கட்டைகளைத் தடவித் தடவி, எல்லா டி-யையும் கீழிருந்து மேல்வரை கண்டுபிடிக்கும் விளையாட்டை ஒரு வாரம் ஆடினேன். பிறகு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை; பசைதான் போகாமல் உயிரை வாங்கியது.

இந்த இடத்தில் ஒரு சிறு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ச, ரி, க, ம என்று கேட்டு வளர்ந்த காதுக்கு, ச என்பது பாடுகிறவர் வைக்கும் இடம். பியானோவில் சி என்பது அசையாத ஒரு கட்டை. நான் சி-யைத்தான் ச என்று மனதில் முடிபோட்டு வைத்திருந்தேன். ஜி-யில் தொடங்கும் பாட்டு வந்தபோது அந்த முடிச்சு என்னைக் கீழே தள்ளியது. இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்துவிடுங்கள். சி, டி, இ என்பது கட்டையின் முகவரி. ச, ரி, க என்பது அந்தப் பாட்டுக்குள் சுரங்களின் உறவுமுறை.

உட்காரும் விதத்தை நான் அலட்சியம் செய்தேன், மூன்றாம் மாதம் முன்கை வலித்தது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்ததில், முழங்கை கட்டைகளுக்குக் கீழே தொங்கி, மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து கிடந்தது. முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரவேண்டும். இரண்டு கம்பளியை மடித்துப் போட்டதில் பாதி வலி போனது. மீதிப் பாதி, விரலை மட்டும் நம்பிக் கட்டையைக் குத்தியதால் வந்தது. மோதிர விரலின் தசைநாண்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்திருக்கின்றன. மேசையில் உள்ளங்கையை வைத்து மற்ற விரல்களை அசைக்காமல் அதை மட்டும் தூக்கிப் பாருங்கள், புரியும். அதைத் தனியாக உயரத் தூக்கிப் பழக்கினால் பலசாலியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். கையின் எடை அந்த விரலின் வழியாக இறங்குமாறு கையையே கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ப்பதுதான் வழி. வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாண்டினால் தேர்ச்சி வரும் என்பது இந்தக் கருவிக்குப் பொருந்தாது. பியானோ கலைஞராக வேண்டும் என்று விரும்பிய ராபர்ட் ஷூமன், 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் கெட்டுப்போய் அந்த ஆசையையே கைவிட நேர்ந்தது. இசையமைப்பாளராகப் பேரெடுத்தார் என்பது வேறு கதை. நம்மிடம் அப்படி ஒரு மாற்று ஏற்பாடும் இல்லை.

இசைக்குறிப்பைப் படிப்பதில் எனக்கு வந்த வியாதி, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே பென்சிலால் எழுத்தை எழுதிவைப்பது. எழுதிவிட்டால் கண் எழுத்தைத்தான் பார்க்கும், கோட்டைப் பார்க்காது. மூன்று மாதம் வீணாயிற்று. பிறகு டீச்சர் மூன்று மைல்கற்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னார். மேலே வரும் ஐந்து கோட்டுத் தொகுப்பின் முன்னால் சுருண்டு நிற்கும் டிரெபிள் குறி, உண்மையில் உருமாறிப்போன ஜி என்ற எழுத்து. அதன் சுழி கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றுகிறது, அந்தக் கோடுதான் ஜி. கீழ்த் தொகுப்பின் பேஸ் குறி உருமாறிய எஃப். அதன் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஓடும் கோடு எஃப். இரண்டு தொகுப்புக்கும் இடையில், தனக்கென்று ஒரு குட்டிக் கோட்டைத் தலையில் குத்திக்கொண்டு நிற்பது நடு சி. மற்ற சுரங்களைப் பெயர் சொல்லிப் படிக்கத் தேவையில்லை. கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்துக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒன்றைத் தாண்ட வேண்டும். வழி கேட்டுப் போகிறவன் ஒவ்வொரு வீட்டின் கதவிலக்கத்தையும் படிப்பதில்லை அல்லவா? கோயிலைத் தாண்டி இரண்டாவது வீடு என்றுதானே போகிறான்? அதுபோலத்தான்.

இடது கைக்கான வரியை, பழக்கதோஷத்தில் வலது கை வரியைப் போலவே படித்து, ஒரு முழுப் பாடத்தையும் தப்பாகப் பழகிக்கொண்டு போன நாளும் உண்டு. மேல் தொகுப்பின் கீழ்க்கோடு இ, கீழ்த் தொகுப்பின் கீழ்க்கோடு ஜி. டீச்சர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வலது கை பரவாயில்லை" என்றார்.

இனி இரண்டு கையும் சேர்வது. இதைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் ஆரம்பக்காரர்களில் பலர் கைவிடுவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வலது கை தனியாக ஒழுங்காக வாசிக்கும். இடது கையும் தனியாக ஒழுங்காக வாசிக்கும். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே ஊமையாகிவிடும். அல்லது இடது கை தன் வேலையை விட்டுவிட்டு வலது கை செய்வதைக் காப்பியடிக்கும். எனக்குத் திறமை போதாது, வயதாகிவிட்டது என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். உண்மைக் காரணம் சாதாரணமானது. ஒவ்வொரு கைக்கும் தெரியும் என்று நாம் நினைக்கும் அளவுக்கு அதற்குத் தெரிந்திருப்பதில்லை. கவனம் முழுவதும் கொடுத்தால்தான் வாசிக்க முடிகிறது என்றால் அது பாதிதான் தெரிந்திருக்கிறது. இன்னொரு கைக்குக் கொடுக்கக் கவனம் மிச்சம் இருக்காது.

எனக்குப் பலன் தந்தது இதுதான். இடது கையை மட்டும் சலித்துப்போகும் வரை வாசிப்பேன். சலிப்பு நல்ல அடையாளம். வாசித்துக்கொண்டே மகளிடம் பேச முடிந்தால் தேறிவிட்டது என்று பொருள். பிறகு இடது கை கட்டைகளிலேயே இருக்க, வலது கையால் தொடையில் தாளத்தை மட்டும் தட்டுவேன். எந்தக் கட்டை என்ற கவலை இல்லாமல், எப்போது என்பதை மட்டும் உடம்பு பழகும். அதற்கடுத்து, இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழும் இடங்களை மட்டும் வாசித்து, நடுவில் வருவதை விட்டுவிடுவேன். பல் விழுந்த வாய் பேசுவது போல இருக்கும். ஆனால் எலும்புக்கூடு நிற்கும். சதையைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை நான் வெகுநாள் ஏற்கவில்லை, வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்து எண்ணத் தொடங்கியபோதுதான் வாசிக்கும்போது மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. மூன்று தாளப் பாட்டுக்கு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினேன். நடுவில் நிற்கும் இரண்டு கொஞ்சம் நீண்ட சொல், அதனால் இரண்டாவது தாளம் எனக்கு எப்போதும் இழுத்துக்கொண்டே போனது. டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "த, கி, ட என்று சொல்லுங்களேன்" என்றார். மூன்றும் ஒரே அளவு. அன்றோடு இழுவை நின்றது.

இப்போது மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாட்டு ஜி மேஜரில் அமைந்த ஒரு மினுவெட், அதாவது மூன்று தாள நடன இசை. பியானோ கற்கும் பலரும் ஏதாவது ஒரு கட்டத்தில் அதை வாசித்திருப்பார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பதால் நெடுங்காலம் பாக் எழுதியதாகவே நம்பப்பட்டது. உண்மையில் கிறிஸ்டியான் பெட்சோல்ட் என்பவர் எழுதியது. மொத்தம் 32 தாளக் கட்டம், கட்டத்துக்கு மூன்று தாளம். முதல் பாதியின் 16 கட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு: 9 முதல் 16 வரை பெரும்பாலும் 1 முதல் 8 வரை வந்ததே சிறு மாற்றத்தோடு திரும்ப வரும். அதாவது எட்டுக் கட்டம் கற்றால் பதினாறு கிடைத்துவிடுகிறது. எனக்கு இரண்டே வாரத்தில் பாதிப் பாட்டு வந்துவிட்டது. தலைகால் புரியவில்லை.

17-ஆவது கட்டத்தில் கணக்குத் தீர்ந்தது. 16-இல் கீழே ஜி-யில் ஓய்ந்திருக்கும் வலது கை, ஒரு ஸ்தாயிக்கும் மேலே இருக்கும் பி-க்குத் தாவ வேண்டும். மூன்று கட்டம் தாண்டினால் சி ஷார்ப் என்று அதுவரை பாட்டில் இல்லாத ஒரு கறுப்புக் கட்டை. ஒவ்வொரு முறையும் அங்கே விழுவேன். விழுந்ததும் முதலிலிருந்து தொடங்குவேன். ஏன் முதலிலிருந்து? அங்கேதானே எனக்கு நன்றாக வரும்! நன்றாக வருவதை வாசிப்பது சுகமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரப் பயிற்சியில் முதல் எட்டுக் கட்டத்தை ஏறத்தாழ முப்பது தடவை வாசித்திருந்தேன். 17-ஆவதை ஆறு தடவை, ஆறும் தப்பாக. தப்பாக ஆறு தடவை வாசித்தால் அந்தத் தப்பைத்தான் கை உருப்போடுகிறது. அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து நான் பழகியது, சரியாகத் தடுக்கி விழுவதை.

டீச்சரிடம் மகளின் கேள்வியைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து 17-ஆவது கட்டத்துக்கு முன்னால் தடிமனாக ஒரு கோடு போட்டார். "இந்த வாரம் இந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் உங்களுக்கு அனுமதி இல்லை" என்றார். அதோடு விடவில்லை. கடைசி நான்கு கட்டத்தை முதலில் பழகச் சொன்னார். அது வந்த பிறகு அதற்கு முந்தைய நான்கு, அதிலிருந்து முடிவு வரை. பிறகு அதற்கும் முந்தைய நான்கு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், எங்கே தொடங்கினாலும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம். முன்பு நான் போனது தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இருட்டை நோக்கி. போகப்போகப் பதற்றம் கூடியதில் ஆச்சரியம் என்ன?

தாவும் இடத்துக்கு வேறு மருந்து. 16-ஆவது கட்டத்தின் கடைசிச் சுரத்தையும் 17-ஆவதின் முதல் சுரத்தையும் மட்டும் வாசிப்பது. இரண்டே சுரம். ஜி, பி. கை போகும் வேகத்துக்கு முன்னால் கண் அந்தக் கட்டைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு அதுவரை கண் கையோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இதில் தெரிந்த இன்னொரு உண்மை: பெரும்பாலான தடுக்கல்கள் கட்டத்துக்குள் நடப்பதில்லை, ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் கோட்டில் நடக்கின்றன. ஏனென்றால் நாம் ஒவ்வொரு கட்டமாகப் பழகி, கோட்டில் நிறுத்திக்கொள்கிறோம். பயிற்சியை எப்போதும் அடுத்த கட்டத்தின் முதல் சுரத்தில் முடியுங்கள். ஒரே ஒரு சுரம் கூடுதல். அது பாலம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவாக வாசியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் தலையாட்டுவோம். மெதுவாக என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, அதுவே மெதுவென்று நினைத்திருந்தேன். டீச்சர் 40-க்கு இறக்கினார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒன்றரை நொடி. பாட்டு பாட்டாகவே கேட்காது. ஆனால் அடுத்த சுரத்துக்கு விரல் முன்கூட்டியே போய்க் காத்திருக்க முடிகிறது. தப்பே செய்ய வாய்ப்பில்லாத வேகம் எதுவோ அதுதான் மெது. அங்கிருந்து 4 தட்டு, 4 தட்டாக ஏற்றினேன். ஒரு நாளில் முடியாதது ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் முடிந்தது என்பது பலமுறை நடந்திருக்கிறது. தூக்கத்தில் கை அசைவுகளின் நினைவு உறுதிப்படுகிறது என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட விஷயம்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்வதை விட்டுவிட்டு, தினமும் இருபது நிமிடத்துக்கு மாறினேன். ஏழு நாளுக்கு ஏழு தூக்கம் கிடைக்கிறது.

ஸ்கேல் பயிற்சி, அதாவது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது பற்றிப் பலரும் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. சி மேஜருக்கு வலது கை 1, 2, 3, பிறகு கட்டைவிரல் அடியில் நுழைந்து மறுபடி 1, 2, 3, 4, 5. இடது கை ஏறும்போது 5, 4, 3, 2, 1, பிறகு நடுவிரல் மேலே தாண்டி 3, 2, 1. இரண்டு கையும் வேறு வேறு நேரத்தில் மாறுவதால் சேர்த்து வாசிப்பது முதலில் எரிச்சலூட்டும். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் விரல் எண்களை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். இன்று ஒரு விரல், நாளை ஒரு விரல் என்று வாசித்தால் கைக்கு ஒவ்வொரு நாளும் அது புதுப் பாட்டு.

வலப்பக்கப் பெடலை நான் முதல் வருடம் மூடிமறைக்கத்தான் பயன்படுத்தினேன். அழுத்தினால் தந்திகளின் மேலிருக்கும் தடுப்பான்கள் எல்லாம் விலகி, ஒலி ஒன்றோடொன்று கலந்து நிற்கும். கேட்க மங்கலாக, ஆனால் செல்வச் செழிப்போடு இருக்கும். கைபேசியில் பதிவுசெய்து கேட்டபோதுதான் அது சேற்றில் நடப்பது போல் இருந்ததை உணர்ந்தேன். புதிய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஒலிக்கும்போது காலை எடுத்து, ஒலித்த பிறகு மறுபடி அழுத்த வேண்டும்; சேர்ந்தே அழுத்தினால் பழைய ஒலியும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அதற்காக மட்டுமில்லை, பொதுவாகவே வாரத்துக்கு ஒருமுறை பதிவுசெய்து கேளுங்கள். வாசிக்கும்போது நம் காது நாம் வாசிக்க நினைத்ததைத்தான் கேட்கிறது.

டீச்சர் இல்லாமல் செயலியை வைத்தே கற்கலாமா என்று கேட்கிறார்கள். நானும் இரண்டு செயலிகளை முயன்றேன். சரியான கட்டை, சரியான நேரம் என்றால் நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டும். மணிக்கட்டு விறைத்திருந்ததையும், மூச்சு நின்றிருந்ததையும் அது பார்க்கவில்லை. மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மனிதக் கண் நம் கையைப் பார்ப்பது நல்லது.

வருட முடிவில் டீச்சர் தன் மாணவர்களைக் கூட்டி ஆளுக்கொரு பாட்டு வாசிக்கச் சொன்னார். எட்டு வயது, ஒன்பது வயது. நடுவில் நான், முழங்கால் இடித்துக்கொண்டு. இதற்கு முந்தைய வாரம் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: 1, 9, 17, 25 ஆகிய கட்டங்களின் முன்னால் நட்சத்திரம் போட்டு, சீட்டுக் குலுக்கி, எந்த எண் வருகிறதோ அங்கிருந்து தொடங்கிப் பழகு என்று. மனப்பாடம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சங்கிலி. ஒரு கண்ணியைப் பிடித்தால்தான் அடுத்தது வரும், நடுவில் அறுந்தால் தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சீட்டு குலுக்கியபோது 25-ஆவது கட்டம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது என்பது வெளிப்பட்டது. பாட்டின் ஓட்டத்தில் வாசிக்கத் தெரியும், அங்கிருந்து தொடங்கத் தெரியாது. அங்கே சி ஷார்ப் விடைபெற்றுப் பாட்டு மறுபடி வீட்டுக்குத் திரும்புகிறது என்பதைக் கவனித்துப் படித்த பிறகுதான் அது தனியாக மனதில் நின்றது.

மேடை இல்லை, பார்வையாளர்கள் இருபது பேர், எல்லாரும் பெற்றோர்கள். ஆனாலும் கை சில்லிட்டுவிட்டது. தாவல் அழகாக விழுந்தது. அந்த மகிழ்ச்சியில் 20-ஆவது கட்டத்தில் விரல் எங்கே என்று மறந்துபோனது. பழைய ஆளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். இடது கையை ஒரு தாளம் நிறுத்தி, 25-க்குத் தாவி, முடித்துவிட்டேன். கைதட்டினார்கள். எழுந்து வந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த சிறுவன் என் காதருகே குனிந்து, "அங்கிள், நீங்கள் நடுவில் நாலைந்து கட்டத்தைச் சாப்பிட்டுவிட்டீர்கள்" என்றான். அடுத்த தடவை அவன் வாசிக்கும்போது கட்டங்களை எண்ணுவது என் முறை.

இப்போது புதிதாக ஒரு பாடம் எடுத்திருக்கிறேன். மூன்று வாரமாகப் பின்னாலிருந்து பழகுகிறேன். கடைசி வரி கைவசமாகிவிட்டது, அதற்கு முந்தைய வரி இன்னும் இரண்டு நாளில் வந்துவிடும். நேற்று மகள் கதவருகே வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அப்பா, இந்தப் பாட்டு எப்படித் தொடங்கும்?"

"எனக்கும் இன்னும் தெரியாதம்மா" என்றேன்.